ஐம்பத்து மூன்று சீட்டுகள்

விழாத லொத்தர் சீட்டுகளை எட்மண்ட் கிழிப்பதில்லை.
யூனியன் பிளேஸ் அலுவலகத்தில், காவல் மேசை இழுப்பறைக்குள்
இறப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.
மார்ச் மாதத்தில் ஓர் இரவு, கணக்காய்வு முடியாமல் நான் தங்கியபோது
வாங்கிய திகதிப்படி அவற்றை அடுக்கி
நாலு நாலு இலக்கமாக ஒட்டித் தட்டினேன்.
இடைவெளி விடவில்லை. காற்புள்ளியும் இல்லை.
ஏழில் தொடங்கி நாற்பத்தேழில் முடியும்
இருநூற்றுப் பன்னிரண்டு இலக்கம்.

வாயால் சொல்ல அதற்கொரு பெயர் கிடையாது.
கோடி கோடி என்று சொல்லத் தொடங்கினால்
புறக்கோட்டையில் பஸ் ஏறியவன் மொரட்டுவையில் இறங்கிவிடுவான்,
எண் தெஹிவளையைக்கூடத் தாண்டியிராது.

முதலில் கைக்கணக்கு.
கடைசியில் ஏழு, ஆகவே இரண்டும் ஐந்தும் வெளியே.
இலக்கங்களைக் கூட்டினால் 955, மூன்றுக்கு இடமில்லை.
ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் இருபத்து மூன்று,
பதினொன்றும் போயிற்று.
நாலால் வகுத்தால் மூன்று மிஞ்சுகிறது,
எந்த இரண்டு வர்க்கங்கள் கூடினாலும் இதைப் பெறாது.
இவ்வளவும் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள்.

பிறகு சாட்சியைக் கூப்பிட்டேன்.
கணிதத்தில் அதற்குப் பெயரே அதுதான், நான் வைத்ததல்ல.
இந்த எண்ணிலும் ஒன்று குறைந்த அடுக்குக்கு
இரண்டை ஏற்றி, இதே எண்ணால் வகுத்து,
மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.
முதன்மை எண்ணென்றால் மிச்சம் ஒன்று.
வந்தது ஒன்றல்ல.
ஆக, இது உடையும்.
எதனால் உடையும் என்று கேட்டால்
சாட்சிக்குத் தெரியாது.

இந்த நகரத்துக்கு அது புதிதல்ல.
நடந்தது உண்மை என்று எழுதி ஒப்பமிடுவார்கள்,
பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும்.

இரண்டை முழுதாக நம்பவும் கூடாது.
341-க்கு அது பொய்ச்சாட்சி.
பதினொன்றையும் முப்பத்தொன்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு
முதன்மைபோல நிற்கும் அதை
இரண்டு காட்டிக்கொடுக்காது.
மூன்றைக் கூப்பிட்டால் சொல்லிவிடும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இது சேர்த்தி எண்.
சென்னையில் அச்சான புத்தகத்தில் பகு எண்.
ஒரே எண்தான். ஒருவருக்குச் சேர்ந்தது,
மற்றவருக்குப் பிரிவது.

களஞ்சிய அறையில் ஒருவரும் தொடாத கணினி ஒன்று
ஏழு மாதம் அதைக் குடைந்தது.
மின்வெட்டு நேரங்களில் மின்கலப் பெட்டி
கீச் கீச்சென்று கத்தும்.
காலையில் எட்மண்ட் கேட்பார்:
“உடைஞ்சுதா மிஸ்?”
இன்னும் இல்லை.
“உடைஞ்சா என்ன கிடைக்கும்?”
வேறு எண்கள்.
அவர் தலையாட்டினார். ஏமாற்றமென்று சொல்ல முடியாது,
லொத்தர் வாங்குகிறவருக்கு அது நியாயமான பரிசாகவே பட்டிருக்கும்.

ஒக்டோபரில், மழைக்கோட்டு நீர் வடிய வந்து
ஒரு சீட்டை நீட்டினார்.
“நேத்தும் விழல்ல. இதையும் சேருங்க.”
3068.
வாலில் நாலு இலக்கம் ஒட்டினால் அது வேறோர் எண்,
ஏழு மாதமும் பூச்சியம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையருகே வந்துவிட்டார்.
சேர்த்தேன்.

கடைசி இரண்டு இலக்கம் அறுபத்தெட்டு, நாலு போகும்.
கூட்டினால் 972, ஒன்பதும் போகும்.
என்ஜின் வேண்டியிருக்கவில்லை, விரல் போதுமாயிருந்தது.
“உடைஞ்சுது” என்றேன்.
“என்ன நம்பர்?”
“முப்பத்தாறு.”
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்,
அடுத்த சீட்டுக்கு.

மீதி இருநூற்றுப் பதினைந்து இலக்கத்தைப் பற்றி
அவரிடம் நான் பேசவில்லை.
அதற்குள் யார் இருக்கிறார்கள்,
அல்லது அது தானே தானாகத் தனித்துத்தான் நிற்கிறதா,
தெரியாது.
கொம்பனித்தெருவில் ரயில் ஊதிற்று.
கதவைச் சாத்திவிட்டு வந்து
இரண்டை மறுபடி கூப்பிட்டேன்.
சொல் என்றேன்.