ஒட்டடைக் கம்பு

ராத்திரி பத்து மணிக்கு நான் பிணம் பார்க்கிறவள்.
தட்டில் எலுமிச்சை சோறு, மடியில் ரிமோட்,
திரையில் நீல வெளிச்சத்தில் ஒருத்தியைக் கிழிக்கிறார்கள்.
அவள் நகக்கண்ணில் ஒரு நூலிழை.
கையுறை போட்ட டாக்டர் அதை இடுக்கியால் எடுத்து
விளக்குக்கு நேரே பிடிக்கிற பொறுமை இருக்கிறதே,
உயிரோடு இருக்கிற எவளையும்
எவனும் அப்படிப் பார்த்ததில்லை.
அப்பளம் நொறுங்கும் சத்தத்தில்
வசனம் கேட்காது. ஒலியைக் கூட்டுவேன்.

உடனே கீழேயிருந்து இடிப்பார் தெய்வநாயகம்,
துறைமுகத்தில் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர்.
ஒட்டடைக் கம்பால் மூன்று தரம். எப்போதும் மூன்று.
நான் குதிகாலால் ஒரு தரம் பதில் சொல்வேன்.
மடிப்பாக்கம் வந்த ஆறு வருஷத்தில்
பேசிக்கொண்டது அவ்வளவுதான்,
லாரித் தண்ணீர் வரும் நாளில்
"மோட்டார் போடலாமா" தவிர.

போன மாதம் ஒரு செவ்வாய், இடி வரவில்லை.
புதனும் இல்லை.
கிழவன் அடங்கினான் என்று
முப்பத்தெட்டில் வைத்தேன்.
சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.
வியாழன் எபிசோடில்
ஏரியில் கிடந்த எலும்பை மோந்து
செத்த நாளைச் சொன்னாள் ஒருத்தி, மணி முதற்கொண்டு.
ஜன்னல் வழியே ஒரு வாடை.
எலி செத்திருக்கும் என்று
ஊதுவத்தி ஏற்றிவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன்.

வெள்ளி காலை கதவை உடைத்தார்கள்.
பவுடர் இல்லை, தூரிகை இல்லை,
மஞ்சள் நாடா யாரும் கட்டவில்லை.
கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஏட்டு
ஃபிரிட்ஜ் மேல் தாளை வைத்து எழுதினார்.
"கொலையா சார்?"
குரலில் ஆசை தெரிந்துவிட்டதோ என்னவோ,
ஒரு மாதிரி பார்த்தார்.
"மாரடைப்பும்மா. மூணு நாலு நாள் இருக்கும்.
மகஜர்ல ஒரு கையெழுத்து போடுங்க."
யாராவது கொன்றிருந்தால்
நன்றாயிருந்திருக்கும் எனக்கு.

பேனா எழுதவில்லை. உதறும்போது நிமிர்ந்தேன்.
கூரையெங்கும் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள்.
என் நாற்காலிக்குக் கீழே அம்மைத் தழும்பாய்க் கும்பல்.
மிக்ஸி மூலையில் கொஞ்சம்.
தங்கையோடு போனில் சண்டை போட்டு
நான் மேலும் கீழும் நடந்த நடைக்கு நேரே
கூடவே நடந்து வந்திருக்கின்றன.
கட்டிலுக்கு அடியில் மட்டும் மூன்றே மூன்று.
கட்டில் சத்தம் போடாது.
அதில் நான் சத்தம் போட்ட ராத்திரி ஒன்றுதான்,
அதுவும் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு.
அதட்டினாரா, என்னவென்று கேட்டாரா,
எந்த ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது?

போட்டேன். ர. லில்லிபுஷ்பம், மேல்வீடு.
ஏட்டு கடைசிவரை கூரையைப் பார்க்கவே இல்லை.

இன்றைக்குக் கீழே பட்டி பூசிவிட்டுப் போனான் பெயின்டர்.
பத்து மணி. திரையில்
யாரோ ஒருத்தியின் தலைமுடியை விளக்கில் பிடிக்கிறார்கள்.
சோறு ஆறுகிறது.
குதிகாலால் ஒரு தரம் தட்டினேன்.
நாற்பது.
நாற்பத்தைந்து.
ஐம்பதுக்கு வந்தபோது
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.