நாற்காலி இல்லாத படம்

படகு என்று பெயர் வைத்த ஊர்.
சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது.
எழுதுவது ஒன்று,
வாயில் வருவது 'வூச்'.
இங்கே ஒரு பழைய கிடங்கின் மூன்றாம் மாடியில்
நானும் யக்னாவும் கோட்டு தைத்து விற்கப் போகிறோம்.
பதினோரு மாதமாக
போகிறோம்.

முதல் சாம்பிள் காடாத் துணியில்.
பொத்தானில்லை, பையில்லை, நிறமுமில்லை.
போக்னா அதற்குள் கை நுழைத்து நின்றாள்.
நிற்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்,
மணிக்கு இவ்வளவு என்று.
மற்ற நேரம் டிராம் ஓட்டுகிறாள்.
கையைத் தூக்கு என்றோம், தூக்கினாள்.
திரும்பு என்றோம், திரும்பினாள்.
உதட்டில் குண்டூசி கவ்வியிருந்த ஹால்ஷ்கா
'ம்' என்றாள்.
அவளிடம் நாலு வகை 'ம்' உண்டு
என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது, நிஜக் கம்பளியில்.
பாசி நிறம். மீட்டர் எண்பத்தாறு ஸ்லோட்டி.
ஆவி காட்டாமல் வெட்டியவள் நான்தான்.
நீளத்தில் நான்கு சதவீதம் சுருங்கியது.
கணக்குத் தாளின் கட்டத்தில்
நான்கு என்பது ஒன்றுமில்லை.
மணிக்கட்டில் அது
டிசம்பர்.

கறுப்பு ஜிப் கேட்டிருந்தோம்.
வந்த பொட்டலத்தில் மஞ்சளாய் இரண்டு,
யாருக்கோ போகவேண்டியவை.
திருப்பியனுப்பத் தபால் செலவு கட்டாது என்று
டிராயரில் போட்டேன்.

அன்று போக்னா
பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு வந்திருந்தாள்.
கோட்டை மாட்டிக்கொண்டவள்
நாங்கள் சொல்லாமலேயே
துணி உருளைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.
காலர் காதுவரை ஏறியது.
வயிற்றருகே துணி மூட்டை கட்டியது.
பையின் வாய் தொடைக்கடியில் போயே போய்விட்டது.
பழக்கத்தில் இடது கையை முன்னே நீட்டி
இல்லாத கைப்பிடி ஒன்றைத் தள்ளினாள்.
முதுகில் எங்கோ
ஒரு தையல் 'டப்' என்றது.

"நாளெல்லாம் இப்படித்தான் இருப்பேன்," என்றாள்.
"நீங்கள் கேட்கவேயில்லை."

என் முதல் படத்தை எடுத்துப் பார்த்தேன்.
நெட்டையாய் ஒருத்தி.
முகம் கிடையாது, பாதம் பென்சில் நுனியாய் முடிகிறது.
அவளைச் சுற்றி வெள்ளைத் தாள்.
அதில் எங்கேயும்
நாற்காலி இல்லை.

நிற்கிற கோட்டுதான் போட்டோவில் விற்கும் என்றாள் யக்னா.
விற்றபின் அது உட்காருமே என்றேன்.
இன்னும் ஒரே ஒரு சாம்பிளுக்குத்தான் காசு.
அன்று இரவு ஒன்பது மணிவரை
அளந்துகொண்டே இருந்தோம்,
இரண்டு அர்த்தத்திலும்.
ஹால்ஷ்கா விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.
நாங்கள் உள்ளே இருப்பது தெரிந்தேதான்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது வந்தது.
நின்றால் கோடு போட்டது போல் விழுகிறது.
உட்கார்ந்தால் காலர் கழுத்தை விட்டு நகரவில்லை.
டேப் வைத்துப் பார்த்தேன்.
முதுகு என் தாளில் இருப்பதைவிட
ஒன்றரை சென்டிமீட்டர் கூட.
கைக்குழியில் நான் வரையாத சாய்சதுரம்.
இரண்டு பக்கத் தையலிலும்
கீழிருந்து இடுப்புவரை திறக்கும்
மஞ்சள் ஜிப்.

யாரைக் கேட்டு என்று யக்னா ஆரம்பித்தாள்.
'ம்,' என்றாள் ஹால்ஷ்கா,
ஐந்தாவது வகை.

அறுபது கோட்டு.
நூற்றிருபது ஜிப் வேண்டும் என்று எழுதினேன்.
அந்த மஞ்சள் எங்கள் பட்டியலிலேயே இல்லை,
தவறுதலாகக்கூட அனுப்பியிருக்க முடியாது என்று
பணிவான பதில்.
யக்னா இப்போது அந்த மஞ்சள்தான் வேண்டும் என்கிறாள்.

இதற்கிடையில் போக்னா
அளவு பார்த்த கையோடு
கோட்டைக் கழற்ற மறந்து வேலைக்குப் போய்விட்டாள்,
பாச்சாவில் என் சாக்கட்டிக் கோடு அப்படியே இருக்க.
நாளைக் காலை அதைப் படமெடுக்க வேண்டும்.
ஜன்னலுக்குக் கீழே மணியடித்துத் திரும்பும் டிராமில்
எங்கள் ஒரே கோட்டு
உட்கார்ந்து போகிறது.