ஒற்றைக் காலில் பாபநாசம்

முப்பத்தோரு வருசம்
கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான்.
இடுப்பு சீட்டில் சாய்ந்திருக்கும்,
விரலிடுக்கில் நோட்டு, கட்டைவிரலில் எச்சில்.
வீரவநல்லூர் வளைவில் வண்டி சாயும்போது
ஏறினவர்கள் எல்லாம் ஒருபக்கம் சரிவார்கள்,
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அறுபத்திநாலாவது வயதில்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
ஜெபமலர் என்கிற பிசியோதெரபிப் பிள்ளை
"ஒரு காலைத் தூக்கி நில்லுங்க சார்,
பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றது.
சிரித்துக்கொண்டுதான் தூக்கினேன்.
மூணு எண்ணுமுன்
அதன் மேசையைப் பிடித்திருந்தேன்.
மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பு
கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

மாத்திரை எழுதவில்லை.
"பல் தேய்க்கும்போது தினம் நில்லுங்க,
பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.
ராத்திரி சாப்பிட்டதும் படுக்காதீங்க.
அப்புறம், யாரிடமாவது பேசுங்க."
அவ்வளவுதான்.
டிக்கெட் கிழிக்காமல் அனுப்புகிறதே என்று
படியிறங்கினேன், கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு.

எண்கள் எனக்கு ஒத்துவரவில்லை.
ஒன்று, இரண்டு என்றாலே
டெப்போவில் கணக்கு ஒப்படைக்கிற படபடப்பு.
அதனால் ஊர்களை எண்ணினேன்.
ஜங்ஷன், கொக்கிரகுளம், மேலப்பாளையம்,
முன்னீர்ப்பள்ளம், தருவை...
முதல் வாரம் ஆற்றுப்பாலமே தாண்டவில்லை.
இரண்டாம் வாரம்
வாய் நிறைய நுரையோடு "பிராஞ்சேரி" என்று சொல்ல,
அடுப்படியிலிருந்து குழல்வாய்மொழி கேட்டாள்:
"இன்னும் இறங்கலையா?"

உப்பைக் குறைத்தாயிற்று.
ஊறுகாய்ப் பாட்டிலை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள்.
எட்டி எடுக்க நுனிக்காலில் நிற்கிறேன்.
அதுவும் பயிற்சிதான், ஜெபமலர் கேட்டால் சொல்லலாம்.

பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.
ஒரு நாளைக்கு நானூறு பேரிடம் பேசியவன்தான்.
உள்ளே போ, தள்ளி நில்லு, சில்லறை இல்லையா.
இதெல்லாம் பேச்சா?
ஓய்வு பெற்ற பிறகு
மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கனம்
நெஞ்சில் ஏறி உட்காரும்.
டிக்கெட் எடுக்காது.
எந்த ஸ்டாப்பிலும் இறங்காது.
பேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு
இரண்டுபேரும் போய்க்கொண்டே இருப்போம்.

மைதீன் பிச்சையைக் கூப்பிட்டேன்.
பன்னிரண்டு வருசம் என் வண்டியின் டிரைவர்.
கோபாலசமுத்திரத்தில் ஒரு விசில்,
நான் அவசரப்பட்டதா, அவன் அவசரப்பட்டதா என்று
ஒன்பது வருசமாகப் பேச்சில்லை.
போன வருசம் வலதுபக்கம் வாதம் வந்ததாம்,
மேலப்பாளையத்துக் கறிக்கடைக்காரர் சொன்னார்,
நான் போகவில்லை.

"யாரு?" என்றான். குரல் குழறியது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
வாயால் இரண்டு விசில் அடித்தேன்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு மெதுவாக,
"எல்லாரும் ஏறியாச்சாவே?"

இப்போது இரண்டு மணி எங்களுடையது.
அவன் ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே பேசுவான்,
"இன்னிக்கு செகண்ட் கியர் விழுந்துட்டு" என்பான்.
நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே கேட்பேன்.
விசிலைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.
ஒருநாள் பேசுவோமாக்கும்.

நேற்று இடது கால்
அம்பை தாண்டி விக்கிரமசிங்கபுரம் தாண்டி
பாபநாசத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.
குளியலறைச் சுவரில் மலை தெரிந்த மாதிரி இருந்தது.
வலது கால் சோம்பேறி.
பத்தமடை வந்ததும் இறங்கிவிடுகிறது,
பாய் வாங்க வேண்டுமாம்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றால் மட்டும்
இரண்டு காலும் ஜங்ஷனை விட்டு நகரவில்லை.
ஜெபமலரிடம் இதைச் சொல்லவில்லை.
மைதீனிடம் சொன்னேன்.
பந்தை ஒருதரம் பிசைந்துவிட்டுச் சொன்னான்:
"நைட் சர்வீஸ் நமக்கு எதுக்குவே."