வில்லங்கச் சான்று

அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
பத்தொன்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
ராத்திரியில் கவிதை.
இரண்டுக்கும் ஒரே பேனா,
கூலி மட்டும் வேறு.

என் வரிகள் எட்டை
மெட்ராஸில் ஒருத்தன் தன் பெயரில் போட்டுக்கொண்டபோது
பக்கத்துக் கடை பியூலாதான் சொன்னாள்:
"அண்ணாச்சி, பிளாக்செயின்ல ஏத்தி வைங்க."
சங்கிலி என்றதும் எனக்கு
ஜங்ஷனில் பஸ் ஏறிய கையோடு
கழுத்தைத் தடவிப் பார்க்கும் பெண்கள்தான்
ஞாபகம் வந்தார்கள்.

யாருக்கோ வில்லங்கம் போட்டுக்கொண்டே விளக்கினாள்.
ஒரு ஏடு. ஒரு ஆபீஸில் இல்லை,
ஆயிரம் ஊரில் ஆயிரம் நகல்.
ஒன்றில் யாராவது சுரண்டினால்
மற்றதெல்லாம் சேர்ந்து காட்டிக் கொடுத்துவிடும்.
ஒவ்வொரு பக்கமும்
முந்தின பக்கத்தின் ரேகையைச் சுமக்கும்.

"நிறுத்து" என்றேன். "தாய்ப் பத்திரம்."
இந்தக் கிரயத்தில் முந்தின கிரயத்தின் நம்பர்,
அதில் அதற்கு முந்தினது,
பிடித்துக்கொண்டே போனால்
ஜமீன் காலத்து வரப்பில் போய் நிற்கும்.
இதற்கா இத்தனை கணக்கு?

சாவியாகப் பன்னிரண்டு சொல் வந்தது.
அத்தனையும் இங்கிலீஷ்.
குடை, எலுமிச்சை, சித்தப்பா
என்று அர்த்தம் சொன்னாள் பியூலா.
என் தமிழுக்கு இதுதான் பூட்டு.
தொலைந்தால் மனுக் கொடுக்க ஜன்னல் கிடையாது.
வந்த காசைத் தொட முடியாது,
என் பெயரில் இன்னொரு வரி ஏறாது.
ஸ்டாம்பு பேப்பரில் எழுதி
கரண்டு மீட்டர் பெட்டிக்குள் சொருகியிருக்கிறேன்.

காசு உண்டா என்பீர்கள்.
படித்தவர்கள் போடுகிறார்கள். நாணயம் என்று பெயர்.
கோலாலம்பூரிலிருந்து ஒருவர், வவுனியாவிலிருந்து ஒருவர்.
முதல் மாதம் மூன்றரை டீ.
மறுமாதம் விலை சரிந்து
அதே நாணயம் ஒன்றே கால் டீ.

முப்பத்தி நாலாவது கவிதை
கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றியது.
அண்ணன்மாருக்கு விடுதலைப் பத்திரம் கொடுக்க வந்தவள்.
"எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி
என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்"
என்று பகலில் எழுதினேன்.
அவள் கட்டைவிரலை
மூத்தவன் பிடித்து அழுத்தியதை
ராத்திரியில் எழுதினேன்.
பெயரோடு எழுதினேன்.
பெயர் இருந்தால்தான் கவிதை நிற்கும் என்று
அப்போது பட்டது.

தை பிறந்து பத்து நாள் கழித்து வந்தாள்.
கையில் யாரோ காட்டக் கொடுத்த போன்.
"அண்ணன் இந்த வருசம் பொங்கப்படி கொண்டுட்டு வரல.
எம்பேர மட்டும் எடுத்துருங்க."

எடுக்க முடியாது.
பதிவான பத்திரத்தில் அடித்தல் கிடையாது,
பிழைதிருத்தல் பத்திரம் என்று இன்னொன்று எழுதி
பின்னால் சேர்க்கலாம், அவ்வளவுதான்.
பழையது இருந்த இடத்தில் இருக்கும்.
பியூலா எட்டிப் பார்த்து
இதிலும் அதே சட்டம்தான் என்றாள்.

"அப்ப அதுலயும் அழியாது, இதுலயும் அழியாது"
என்று கொஞ்ச நேரம் நின்றாள்.
"பொறத்தால வந்து பாக்கறவனுக்கு
ரெண்டுல எது நெசம்னு தெரியுமா?"

இரண்டும் என் எழுத்து.
நான் பேனா மூடியைத் தேடினேன்.

எழுதுகிறவர்களே, நீங்களும் ஏற்றலாம்.
நல்ல ஏடுதான்.
திருட முடியாது.
திருத்தவும் முடியாது.

இது முப்பத்தைந்தாவது.
பெயர் இல்லாமல் போகிறது,
முந்தினதின் ரேகையைச் சுமந்துகொண்டு.
முப்பத்தி நாலு என்று நம்பரைச்
சொல்லியிருக்கக் கூடாது.
சொல்லியாயிற்று.

அன்றைக்குப் பதிவு முடிந்ததும்
அவள் என்னிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டாள்.
தேய்த்து,
முந்தானை நுனியால் துடைத்து,
விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.