லிஸ்பனில் ஆத்தங்குடிக் கல்

இருபத்தெட்டுக் காட்சி ஓடிவிட்டது.
எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்,
கதவிடுக்கில், ஐந்தைந்து நிமிடமாக,
கையில் சமோசாத் தட்டோடு.
நாற்பதாம் நிமிடம் பாலம் வெடிக்கும்.
பாப்கார்ன் டின்னின் மூடி நடுங்கும்.
எண்ணெய் காயவைக்க
எனக்கு அதுதான் மணி.

உலகத்தைக் கவிழ்க்க
ஏழு நாட்டுப் பெரிய மனிதர்கள்
ஒரே மேசையில் கூடும் இடம் வரும்.
லிஸ்பன் என்று எழுத்து ஓடும்.
கேமரா மெதுவாகத் தரைக்கு இறங்கும்.
அவ்வளவுதான், காரைக்குடியே எழுந்து நிற்கும்:
"டேய், லிஸ்பன்ல ஆத்தங்குடிக் கல்லு!"
கானாடுகாத்தானில் பன்னிரண்டு நாள்
வாடகைக்குப் பூட்டுத் திறந்த வீடு அது.
வில்லன் சாய்ந்து நிற்கும் தூண்
எந்தக் கப்பலில் வந்த தேக்கு என்றுகூட
இங்கே சொல்ல ஆள் இருக்கிறது.

இடைவேளையில் என் கல்லாவுக்கு முன்னால்தான்
தீர்ப்பெல்லாம்.

தேனப்பச் செட்டியாருக்குக் கணக்கு உதைக்கிறது.
"ஒரு தேசத்தைக் கவுக்க ஏவுகணை எதுக்கு?
வட்டிக்குக் குடுத்துட்டு
வாசல்ல போய் உட்கார்ந்தாப் போதாதா?
முதலே திரும்பாத சதிம்மா இது."
சொல்லிவிட்டு
மூன்றாம் முறை வந்திருக்கிறார்.

பாலிடெக்னிக் பையன்களுக்குச் சண்டை பிடித்திருக்கிறது.
அதில் ஒருவன், கண்ணாடி போட்டவன்,
ஹெலிகாப்டரில் அப்படித் தொங்க முடியாது என்று
பில்லின் முதுகில் அம்புக்குறி போட்டு நிரூபித்தான்.
நிரூபித்து முடிப்பதற்குள்
அவன் பாப்கார்னை மற்றவர்கள் முடித்திருந்தார்கள்.

உமையாள் டீச்சருக்கு அந்த உளவுக்காரிமேல்தான் வருத்தம்.
ஒன்பது பாஷை படித்தவள்
கடைசியில் அவன் தோளுக்குக் கட்டுப்போடத்தான் வந்தாளா?
ஆனாலும் அந்தச் சிவப்புக் கோட்டு நன்றாயிருந்ததாம்,
யார் தைத்தது என்று கேட்டார்,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

துரோகி யார் என்பது மட்டும் இதுவரை தெரியாது.
அது வரும் நேரம் நான் வாணலி தேய்ப்பேன்.
மேலதிகாரி என்கிறார்கள், டிரைவர் என்கிறார்கள்,
ரெண்டு பேருமே என்று ஒருவர்,
யாருமே இல்லை, ரெண்டாம் பாகத்தில் வரும் என்று ஒருவர்.
ஒரே கொட்டகை, ஒரே படம்.

சனிக்கிழமை புதுவயலிலிருந்து ஒரு பையன் வந்தான்.
பத்து வயது இருக்கும். பாலம் வெடித்தபோது
அவன் சிரிப்பு கதவுக்கு வெளியே கேட்டது.
இடைவேளையில் சமோசா வாங்கிக்கொண்டே சொன்னான்,
"அந்த வில்லன் இருக்கான்ல,
எங்க அத்தா பேருதான் அவனுக்கும்."
பக்கத்தில் அவன் அம்மா
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்,
எண்ணியதையே திரும்ப.
நான் இன்னொரு சமோசா வைத்தேன்.
காசு வாங்கவில்லை.
அதற்குமேல் என்ன செய்வதென்று
அன்றும் தெரியவில்லை, இன்றும்.

என் அபிப்பிராயம் கேட்டால்
என் தம்பி சேவுகனைச் சொல்ல வேண்டும்.
அவன்தான் அந்த லிஸ்பன் காவலாளி.
முகமூடி, துப்பாக்கி, அளவு பெரிய பூட்ஸ்.
கதாநாயகன் சுட்டதும் தூணோரம் விழ வேண்டும்.
ஒன்பது முறை விழுந்தான்,
முழங்கை தோலுரிய.
படத்தில் ஒரு பூட்ஸ் மட்டும் தெரிகிறது.
அது அவனுடையதே இல்லை என்று என் மச்சினன்,
அவனுடையதுதான், கயிறு அவிழ்ந்திருக்கிறதே என்று அம்மா.
வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

ஒரு நாள் சம்பளம் பாக்கி.
ஆள் பிடித்துக் கொடுத்த மேனேஜரின் போன்
ஏழு மாதமாக அணைந்திருக்கிறது.
படத்தில் அந்த ஒற்றன்
மூன்று நிமிடத்தில் யாரையும் கண்டுபிடிக்கிறான்,
செயற்கைக்கோளை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி.
எண் என்னிடம் இருக்கிறது.
வியாழக்கிழமை கடைசிக் காட்சிவரை
கல்லாவில்தான் இருப்பேன்.