படுத்திருக்கும் எட்டு

டாக்டர் சாவேத்ராவின் லென்ஸ்
இதுவரை பார்த்ததெல்லாம் வாய்.
நூறு மில்லிமீட்டர், மேக்ரோ.
ஒரு சாண் தள்ளிப் பிடித்தால்
ஒரே ஒரு பல் படத்தை நிறைக்கும்.
கோக்கா இலைக் கறை,
சுரங்கத்தில் உடைந்த வெட்டுப்பல்,
தங்க உறை போட்ட கோரை:
நான்கு வருடமாக ஒரூரோ நகரத்தை
நான் இப்படித்தான் அறிந்திருந்தேன்,
உதட்டுக்கு உள்பக்கமாக.

சனிக்கிழமை கிளினிக்கைப் பூட்டும்போது
உருளைக்கிழங்கு விற்கும் ருஃபினா வந்தாள்.
நாளை இறுதி ஆட்டம்,
படம் எடுக்கும் பையன் லா பாஸுக்குப் போய்விட்டான்,
உன்னிடம் கேமரா இருக்கிறதாமே.
அது பல்லுக்கானது என்றேன்.
எங்களுக்கும் பல் இருக்கிறது என்றாள்.

வளைய ஃபிளாஷைக் கழற்றி
மேசையில் வைத்தேன்.
லென்ஸின் ஒரு முனையில்
என் கட்டைவிரல் பட்டுப் பட்டு
எண்கள் அழிந்திருந்தன.
மறுமுனையில்
படுத்துக்கிடக்கும் ஓர் எட்டு,
வெள்ளைப் பெயின்ட் புதுசாக.
யாரும் அங்கே போனதில்லை.

மைதானத்தில் புல் இல்லை.
சுண்ணாம்புக் கோட்டில் பாதியைக்
காற்று கொண்டுபோயிருந்தது.
குழுப் படத்துக்காகப் பின்வாங்கினேன்.
பத்தடி. ஐந்து முகம்தான்.
இருபதடி. ஒரு தோள் வெட்டுப்பட்டது.
கம்பளித் தொப்பிக்காரியின் கூடையைத் தாண்டி
சாக்கடை ஓரத்தில் குதிகால் தொங்க நின்றபோது
பதினொரு பேரும் வந்தார்கள்.
யார் யாருக்கு எந்தப் பல் சொத்தை என்று தெரியும்,
இத்தனை தூரத்தில் அவர்களை
ஒருபோதும் பார்த்ததில்லை.

சிரிங்கள் என்று யாரோ கத்தினார்கள்.
பத்துப் பேர் சிரித்தார்கள்.
கோல்கீப்பர் டெல்ஃபினா
உதட்டைத் திறக்கவில்லை.
மேல் வரிசை, இடப்பக்கம், முன்னிரண்டும் இல்லை.
படியில் விழுந்ததாகச் சொன்னாள் அன்று.
டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.
உள்ளுதட்டில் ஒரு மோதிரத்தின் அச்சை
நான் படம் பிடித்து
கோப்பில் வைத்தேன்.
படிகள் மோதிரம் போடுவதில்லை.
யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

ஆட்டம் என்றால் ஓட்டம்.
இந்த லென்ஸுக்கு அவசரம் தெரியாது.
பந்து வரும், இது
பல்லைத் தேடி உள்ளே போகும்,
ஒன்றும் இல்லையென்று
முனகிக்கொண்டே திரும்பும்,
அதற்குள் வலை ஆடிக்கொண்டிருக்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டு படம்.
மூன்றில்தான் பந்து.
மற்றதில்
நடுவரின் விசிலில் தெறித்த எச்சில்,
சட்டைக்குள் செருகிய பின்னல்,
கையுறையில் பிரிந்த ஒரு தையல்.

சமன். பெனால்டி.
கோல் கம்பத்துக்கு அருகில் மண்டியிட்டேன்.
கடைசி உதையை டெல்ஃபினா பிடித்ததை
நான் எடுக்கவில்லை,
லென்ஸ் உள்ளே போயிருந்தது.
திரும்பி வந்தபோது
பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள்,
இமையில் புழுதி,
வாய் முழுக்கத் திறந்து
எதையோ கத்திக்கொண்டு.

திங்கட்கிழமை, பல் கட்டுவதற்கு
அளவு கொடுக்க வந்தாள்.
பல்லைக் காட்டும் அதே திரையில்
அந்தப் படத்தைக் காட்டினேன்.
இடைவெளி கறுப்பாக,
துல்லியமாக இருந்தது.
அழித்துவிடட்டுமா என்றேன்,
விரல் பொத்தான் மேல்.

எவ்வளவு தூரத்தில் நின்றாய்?

எட்டடி.

இத்தனை நாள் ஒரு சாணில் இருந்தபோது
இது தெரியவில்லையே உனக்கு என்றாள்.
சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை,
கை வாயில் இருந்தது.

அப்புறம் திரையருகே குனிந்து,
பின்னால் இது என்ன, சாம்பல் நிறத்தில்?

மலை. வீடுகள்.
இந்த லென்ஸ் ஒன்றைப் பிடித்தால்
மற்றதை விட்டுவிடும்.
வேண்டுமானால் கொஞ்சம் தெளிவாக்கலாம்.

எங்கள் வீடு அங்கேதான் இருக்கிறது என்றாள்.
அப்படியே இருக்கட்டும்.

நாற்காலியில் சாய்ந்து
கேட்காமலே வாயைத் திறந்தாள்.