சேர்ந்த தேதி

பெயரையே அடையாளமாக வைக்கலாம் என்று
முதல் நாள் சொன்னது நான்தான்.
ராணிப்பேட்டை சிப்காட், தோல் பதனிடும் ஆலை,
ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.

பதினேழாவது வரியில் மென்பொருள் நின்றுகொண்டது:
'முனிரத்தினம் ஏற்கெனவே இருக்கிறார்.'

இருக்கிறார்தான்.
டிரம் முனிரத்தினம். வாலாஜா முனிரத்தினம்.
எப்போதும் நைட் ஷிஃப்ட் கேட்கும் முனிரத்தினம்.
இந்த மூவரோடும் பேசாத முனிரத்தினம்.
ஷெட்டில் ஒருவரைக் கூப்பிட்டு
இன்னொருவர் திரும்பியதே இல்லை
என்கிறாள் டைம் ஆபீஸ் சமீனா.
கம்ப்யூட்டருக்கு அந்தக் காது கிடையாது.

ஆகவே ஒரு முன்னொட்டு, ஒரு கோடு,
அதன் பின் தானாக ஏறும் எண்.
எத்தனை இலக்கம் பாய்?
ஐந்து என்றார் நயீமுல்லா.
மூன்றே போதும், மிச்சமெல்லாம் சுழியம்தான்.
'போடும்மா, சுழியத்துக்கு என்ன
சம்பளமா தரப்போறேன்.'

டீ வந்தது. ஆறுகிற நேரத்தில் சொன்னார்:
'ஒண்ணாம் நம்பர் எங்க அத்தாவுக்கு.'
போன மாதத்தோடு இருபத்தாறு வருஷம் அவர் மௌத்தாகி.
'சம்பளம் வேணாம், வருகை வேணாம். பேர் மட்டும்.'

ஒன்றை நான் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தேன்.
ஞாயிறு இரவு, சோதனைக்கு என் பெயரைப் போட்டு
சேமித்து
அழித்தேன்.
பதிவு போகும். எண் பின்வாங்காது.
அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
தொடரின் நடப்பு மதிப்பில்
சத்தமில்லாமல் சுழியம் வைத்தேன்.

பெயர்: அப்துல் கஃபூர். பிறப்பு: தெரிந்த அளவுக்கு.
சேமி.
'சேர்ந்த தேதி கட்டாயம்.'
பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

'அத்தா சேரலியேம்மா' என்றார்.
'சுண்ணாம்புக் குழி வெட்டினாரு.
தோல் வந்துச்சு, ஆள் வந்துச்சு,
கம்பெனின்னு பேரு அதுக்கப்புறம்தான்.'
ஏதாவது ஒரு தேதி போடலாம் என்றேன்.
திரையை அவர் பார்த்த பார்வையில்
நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

அசருக்கு எழுந்தவர் கதவருகே நின்று
'காலியாவே இருக்கட்டும்' என்றார்.
சுழியத்தை மாற்றி மறுபடி ஒன்று வைத்தேன்.
டிரம் முனிரத்தினம் இரண்டானார்.
மாலைக்குள் மற்ற மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள்,
நூற்றெட்டில், நூற்றுப்பத்தில், எங்கோ கடைசியில்.

மார்ச்சில் ஆடிட்டர் கேட்டிருந்தார் வேலூரிலிருந்து:
தொடர் இரண்டில் தொடங்குகிறது, விளக்கம் தேவை.
விளக்கம் எழுதும் பெட்டியில்
நூற்று நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
'சோதனைப் பதிவு, நீக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அதுவும் உண்மைதான்.